படகுக்குள் தங்கிய ஈரம்

மதுரையில் கேரட்டும் பீன்சும் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிய லாரி ஒன்றில்தான் மாமாவின் படகு மலையேறியது. தூத்துக்குடியிலிருந்து வத்தலக்குண்டு வரை டிரெய்லரில் இழுத்து வந்து, அங்கே எட்டுப் பேர் சேர்ந்து லாரிக்கு மாற்றினோம். 16 அடி நீளம், ஃபைபர் உடல், ஒற்றைப் பாய்மரம். கொண்டை ஊசி வளைவுகளில் அதன் அணியம் (முன்முனை) லாரிக்கு வெளியே நீண்டு நின்றதால், எதிரே வந்த பஸ்கள் ஒதுங்கி வழிவிட்டன. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என் தச்சுக் கொட்டகைக்குள் அதை இறக்கியபோது, வேடிக்கை பார்க்க வந்த அத்தனை பேரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “ஏரியில் விடப் போகிறீர்களா?”

மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் உருவாக்கிய கொடைக்கானல் ஏரி, துடுப்புப் படகுக்கும் மிதி படகுக்கும் உகந்தது. நட்சத்திரம் போலப் பல கிளைகளாக விரிந்து, சுற்றிலும் மேடும் மரமுமாக இருப்பதால், காற்று அங்கே ஒரு திசையில் நிலைத்து வீசுவதில்லை. இந்தப் படகு மன்னார் வளைகுடாவுக்கு உரியது. பழுது தீர்ந்தால் அங்கேதான் திரும்பிப் போகும்.

பழுது இதுதான். படகுக்குள் இறங்கி நடுப்பகுதியில் கால் வைத்தால் தரை அமுங்கியது. காலை எடுத்தால் மெல்ல எழும்பியது. மாமாவுக்கு 74 வயது. இன்னும் சில ஆண்டுகள் பாய் விரிக்க முடியும் என்ற நம்பிக்கையில் இருப்பவர். கடற்கரையில் இருமுறை அந்த இடத்தில் மேலே கண்ணாடி இழை மேட் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு முறையும் ஓராண்டுக்குள் பக்கத்து இடம் அமுங்கத் தொடங்கியது. “மருமகனே, மரம் அறிந்தவன் நீ. உள்ளே என்ன நடக்கிறது என்று நீதான் பார்க்க வேண்டும்” என்றார்.

மீனவர்கள் ஓட்டும் ஃபைபர் படகின் உடல் பெரும்பாலும் முழுக் கண்ணாடி இழை. அதில் விரிசல் விட்டால் தேய்த்து ஒட்டினால் போதும். கடற்கரைத் தொழிலாளிகள் அந்த வேலையில் தேர்ந்தவர்கள். இந்தப் படகின் அடிப்பகுதி வேறு வகை. வெளியே ஒரு மெல்லிய ஃபைபர் தோல், உள்ளே ஒரு மெல்லிய தோல், நடுவில் 10 மி.மீ. கனத்தில் பால்சா என்ற மிக லேசான மரம். கட்டடத்து இரும்பு உத்தரத்தின் குறுக்குவெட்டை நினைத்துப் பாருங்கள். மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும் விலகி நிற்பதால்தான் அது வளையாமல் தாங்குகிறது. அவற்றை விலக்கிப் பிடித்திருப்பது நடுத்தகடு. படகில் அந்த நடுத்தகட்டின் வேலையைப் பால்சா செய்கிறது. அது ஊறி மசிந்துவிட்டால், இரண்டு தோல்களும் தனித்தனியாக வளையத் தொடங்கும். மேலே இன்னொரு படலம் ஒட்டுவதால் உள்ளே ஈரம் குறைவதில்லை. மாறாக, ஈரம் வெளியேற இருந்த கொஞ்ச வழியும் அடைபடுகிறது.

முதலில் எல்லையைக் கண்டறிய வேண்டும். ஏரியின் துடுப்புப் படகுகளைப் பல ஆண்டுகள் பழுதுபார்த்த ஒரு பெரியவர், ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பால் தட்டிப் பார்க்கச் சொன்னார். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். தோல் விட்டுப்போன இடத்தில் ‘தொப்’ என்று அமுங்கிய ஒலி வரும். விரற்கடை விரற்கடையாகத் தட்டி, ஒலி மாறும் இடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். கால் அமுங்கியது ஒரு சாண் அகலத்தில்தான். கோடு சேர்ந்து வந்தபோது அது இரண்டு முழ நீளத்துக்கும் ஒரு முழ அகலத்துக்கும் விரிந்திருந்தது. காதும் ஏமாறலாம் என்பதால், கோட்டுக்கு உள்ளும் வெளியும் உள்தோலில் மட்டும் 5 மி.மீ. துளைகள் போட்டு, துளைமுனையில் வரும் தூளைப் பார்த்தேன். வெளிர் மஞ்சளாக உலர்ந்து உதிர்ந்தால் மரம் நலம். காப்பித்தூள் நிறத்தில் ஈரமாக ஒட்டினால் அழுகல். துளைமுனையில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கவனம் தப்பினால் வெளித்தோலையும் துளைத்துவிடும்.

ஈரம் எங்கிருந்து புகுந்தது என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை காணாமல் பழுதைத் தொடவே கூடாது. அழுகலின் மிகக் கறுத்த பகுதியைத் தேடிப் போனால் வழி பெரும்பாலும் அங்கேயே இருக்கும். எங்கள் படகில் அது இரண்டு திருகாணிகளின் கீழே இருந்தது. சாப்பாட்டுப் பெட்டி நகராமலிருக்க ஒரு சிறு சட்டத்தைத் தரையில் முடுக்கியிருந்தார்கள். துளைக்குள் எந்த அடைப்பும் இல்லை. தரையில் தேங்கிய கடல்நீர் திருகாணி வழியே நேராகப் பால்சாவுக்குள் இறங்கியிருக்கிறது. பால்சாவைக் குறுக்குவெட்டுத் துண்டுகளாக அடுக்கி வைப்பதால் மரநார்கள் தோலிலிருந்து தோலுக்கு நிற்கும். அதனால் ஒரே துண்டுக்குள் நீர் பக்கவாட்டில் மெதுவாகத்தான் பரவும். ஆனால் துண்டுக்கும் துண்டுக்கும் இடையிலுள்ள இடுக்குகள் வாய்க்கால் போல அதைத் தொலைவுக்குக் கொண்டுபோய்விடும்.

அலைபேசியில் மாமாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தச் சட்டத்தை நான்தான் வைத்தேன். உன் அத்தை முதன்முதலாகப் படகில் வந்த அன்று” என்றார். அந்தச் சட்டத்தை நான் எறியவில்லை.

செப்டம்பரில் வந்த படகை அக்டோபரில் திறந்தேன். நான் செய்த பெரிய பிழை அதுவே. பழனி மலைத்தொடருக்கு வடகிழக்குப் பருவமழை வரும் காலத்தில் மரத்தின் வயிற்றைத் திறந்துவைத்தேன். ஆனாலும் திறந்த முறை சரியாக இருந்தது, அதைச் சொல்கிறேன். உடலின் வடிவத்தைக் காப்பது வெளித்தோல். எனவே உள்ளே இருந்துதான் வெட்ட வேண்டும். வெட்டுமுன் படகு எங்கே, எப்படி அமர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு கட்டைகள் மட்டும் தாங்கியதால் அடிப்பகுதி லேசாக உட்குழிந்திருந்தது. அப்படியே வெட்டிப் புது மரம் ஒட்டினால் குழிவும் நிரந்தரமாகிவிடும். நலமாக இருந்த எதிர்ப்பக்கத்திலிருந்து அட்டையில் வளைவை வரைந்தெடுத்து, அதைப் புரட்டிப் பலகையில் வெட்டி, ஐந்து தாங்கிகள் செய்து கீழே கொடுத்தேன். மீதிக்கு மணல் மூட்டை. அதன் பிறகே கிரைண்டரை எடுத்தேன்.

உள்தோல் 2 மி.மீ. கனம்தான். வெட்டும் தட்டின் ஆழத்தை அதற்கு மேல் விடவில்லை. தோலை நெம்பித் தூக்கியபோது எழுந்த வாடை, மழையில் கிடந்த வைக்கோற்போரைக் கிளறியதுபோல இருந்தது. நடுவில் இருந்த மரத்தைக் கரண்டியால் அள்ளினேன். ஓரத்துக்குப் போகப்போக உளி தேவைப்பட்டது. உலர்ந்த வெளிர் மரம் தெரிந்த பிறகும் இரண்டு அங்குலம் கூடுதலாக எடுத்தேன்.

கண்ணாடித் தூள் நுரையீரலுக்குப் பகை. நல்ல முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை எல்லாம் வேண்டும். வேலை முடிந்ததும் அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். என் மகளின் கழுத்தெல்லாம் ஒரு வாரம் அரித்தது.

நவம்பர் முழுவதும் மரம் காயவில்லை. கொட்டகையைத் தார்ப்பாயால் மூடி உள்ளே விளக்கு எரித்தேன். காலையில் பார்த்தால் தார்ப்பாயின் உட்புறத்திலிருந்து நீர் சொட்டியது. பகலில் மரத்திலிருந்து எழுந்த ஆவி இரவில் குளிர்ந்த தார்ப்பாயில் படிந்து, மறுபடி படகுக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. இது ஏன் என்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. சூடாக்குவது பாதி வேலைதான். சூடான ஈரக் காற்றை வெளியே தள்ளுவது மீதிப் பாதி. மூடுபனி நிறைந்த 10 டிகிரிக் காற்றை உள்ளே இழுத்து 25 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் 100 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்தக் காற்று மரத்தின் நீரை ஏந்திக்கொண்டு உடனே வெளியேற வேண்டும். கீழே ஒரு ஓட்டை, மேலே வெளித்தள்ளும் மின்விசிறி என்று அமைத்த நாளிலிருந்து தார்ப்பாய் சொட்டவில்லை.

வெப்பத்துக்குக் கோழிக்குஞ்சுகளுக்கு வைக்கும் சூட்டு விளக்குகளைப் பயன்படுத்தினேன். வீடுகளில் குளிர்காயும் கரிக் கணப்பையோ, கேஸ் அடுப்பையோ வைக்காதீர்கள். மூடிய இடத்தில் உயிருக்கு ஆபத்து. அதோடு கேஸ் எரியும்போது நீராவியும் கரியமில வாயுவும் பிறக்கின்றன. உலர்த்த வைத்த நெருப்பே ஈரத்தை ஊட்டும். அந்த வாயுவும் ஈரமும் சேர்ந்து, பிறகு ஒட்டப் பயன்படும் எப்பாக்சி என்ற பசையின் மேல் மெழுகுபோல ஒரு படலத்தையும் உண்டாக்கும்.

கடற்படகை உலர்த்துவோர் மறக்கக் கூடாத ஒன்று உண்டு: உப்பு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். உப்பு ஊறிய மரத்தை எத்தனை நாள் உலர்த்தினாலும் ஒரு மூடுபனி இரவில் மறுபடி நனையும். டிசம்பரில் இது தெரிந்ததும், பாதி உலர்ந்திருந்த குழி முழுவதையும் நல்ல தண்ணீரால் நான்கு முறை ஊறவைத்துக் கழுவினேன். உலர்ந்த இடத்தில் மீண்டும் தண்ணீர் ஊற்ற மனம் வரவில்லைதான். ஆனால் அதன் பிறகே மரம் உண்மையாகக் காயத் தொடங்கியது.

காய்ந்ததா என்பதைக் கையால் தொட்டு முடிவு செய்யக் கூடாது. ஈரமானி உலோகத்தின் அருகிலும் உப்பின் மேலும் தவறாகக் காட்டும். எனக்குக் கைகொடுத்தது தராசு. அழுகாத, ஆனால் ஊறிய பால்சாவில் 10 செ.மீ. சதுரத் துண்டு ஒன்று முதல் நாளில் 58 கிராம். விளக்கின் கீழ் முழுதாக உலர்த்தியபின் 16 கிராம். அதாவது மரத்தின் எடையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் தண்ணீர். குழியின் ஓரத்தில் மீதமிருந்த மரத்திலிருந்து வாரம் ஒருமுறை விரல்நுனி அளவு துண்டெடுத்து, நிறுத்து, விளக்கின் கீழ் ஒரு நாள் வைத்து, மறுபடி நிறுத்தேன். எடை குறைந்தால் ஈரம் மீதமிருக்கிறது. ஜனவரி கடைசியில் இரண்டு எடையும் ஏறக்குறைய ஒன்றாக வந்தன. அன்றிரவு ஒரு பாலித்தீன் தாளைக் குழியின் மேல் நான்கு பக்கமும் ஒட்டி வைத்தேன். காலையில் தாளின் உட்புறத்தில் ஒரு துளிகூட இல்லை.

இடையில் ஒரு தோல்வியும் உண்டு. நவம்பரில், பொறுமையின்றி, வெளித்தோலில் இருந்த ஒரு சிறு கீறலைப் பாலிஎஸ்டர் ரெசினால், அதாவது ஃபைபர் படகு கட்டும் பிசினால், அடைத்தேன். கொட்டகைக்குள் 11 டிகிரி. மூன்றாம் நாளும் பிசுபிசுத்தது. பாலிஎஸ்டர் 15 டிகிரிக்குக் கீழே சரியாக இறுகாது. அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கூட்டி ஓரளவு ஈடுகட்டலாம் என்றாலும், 2 சதவீதத்துக்கு மேல் போனால் இறுகிய பொருள் பலமிழக்கும். அத்தனையையும் சுரண்டி எடுத்தேன். கடைகளில், இறுகலை விரைவாக்கும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் தனித்தனிப் புட்டியில் தருவார்கள். அவ்விரண்டையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றிவிடாதீர்கள், தீப்பற்றி வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்க வேண்டும். அது முழுதும் கலந்த பிறகே ஹார்டனர்.

பழைய பாலிஎஸ்டரின் மேல் புதிய பாலிஎஸ்டரைவிட எப்பாக்சி உறுதியாகப் பற்றும். விலை அதிகம்தான், ஆனால் பழுதுக்கு அதுவே ஏற்றது. அதில் ஹார்டனரைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்ற முடியாது. விகிதம் பிசகினால் எந்நாளும் இறுகாது. என்னுடையது எடையில் 100-க்கு 10. சமையல் தராசு ஒரு கிராம் முன்பின் காட்டும். 30 கிராம் ரெசினுக்கு 3 கிராம் ஹார்டனர் என்றால், அந்த ஒரு கிராம் மூன்றில் ஒரு பங்குப் பிழை. நகைக்கடைத் தராசு ஒன்றை வாங்கினேன். கலந்ததைக் குவளையில் வைத்திருக்காமல் அகன்ற தட்டில் பரப்பினேன். குவளையில் திரண்டிருந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும்.

எப்பாக்சிக்கு வழக்கமான மேட் ஒத்துவராது. அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலிஎஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்சியில் கரையாமல் விறைத்து நிற்கும். நெய்த கண்ணாடி இழைத் துணி வாங்குங்கள்.

நடுமரத்துக்குப் பதிலாக மூடிய நுண்ணறைகள் கொண்ட பி.வி.சி. ஃபோம் தகட்டைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். தண்ணீர் உறிஞ்சாது. கடல்தர ஒட்டுப்பலகையும் வைக்கலாம், ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்கவேண்டும். ஆனால் அது ஃபோமைவிடப் பல மடங்கு எடை கூடியது. மலிவாகத் தெர்மோகோல் வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். பாலிஎஸ்டர் ரெசின் பட்டால் தெர்மோகோல் கரைந்து மறைந்துவிடும். எப்பாக்சியில் கரையாது என்றாலும் அதற்குத் தாங்கும் வலு கிடையாது.

பிப்ரவரியில், வெயில் தெளிந்த ஒரு வாரத்தில் ஒட்டினேன். முந்தைய நாள் மாலையிலிருந்தே படகையும் ரெசின் டின்களையும் விளக்குச் சூட்டில் வைத்தேன். உடல் குளிர்ந்திருந்தால் ரெசின் அதில் ஊறாமல் தேங்கும். முதலில் அசிட்டோனால் துடைத்து, பிறகு 40 எண் உப்புத்தாளால் தேய்த்தேன். வரிசை மாறினால் மேலே உள்ள மெழுகையும் எண்ணெயையும் தேய்த்து உள்ளே ஏற்றியதாகிவிடும். ஃபோமின் ஒரு பக்கத்தில் கத்தியால் கட்டங்கட்டமாகக் கீறினால் வளைவுக்கு வளைந்து கொடுக்கும். அடியில் காற்று அடைபடாமலிருக்க 5 செ.மீ.க்கு ஒரு துளை போட்டேன். குழியின் அடியிலும் ஃபோமின் அடியிலும் முதலில் வெறும் எப்பாக்சி. அதன்மேல், கெட்டிப்படுத்தும் ஏரோசில் பொடி கலந்து கெட்டிச் சட்னிப் பதத்துக்கு வந்த எப்பாக்சியைப் பல் கரண்டியால் பரப்பி, ஃபோமை அழுத்தினேன். எல்லாத் துளைகளிலிருந்தும் பசை எட்டிப் பார்த்த பிறகுதான் மனம் ஆறியது. பாலித்தீன் விரித்து, அரிசிச் சாக்கில் மணல் நிரப்பி, இடைவெளி இல்லாமல் அடுக்கி, இரவு முழுவதும் 22 டிகிரிக்குக் குறையாமல் காவல் இருந்தேன். வெளியே 6 டிகிரி. இரண்டு முறை மின்சாரம் போனது. இரண்டு முறையும் வீட்டிலிருந்த கம்பளிகளை எல்லாம் கொண்டுவந்து படகைப் போர்த்தினோம்.

மறுநாள் மேற்பரப்பில் லேசான வழுவழுப்பு இருந்தது. நான் சொன்ன மெழுகுப் படலம் அதுதான். அதைத் தின்னரால் துடைத்தால் பரவும். தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும். கழுவி, உலர்த்தி, தேய்த்துவிட்டுத்தான் அடுத்த படலம்.

உள்தோலின் விளிம்பை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் தேய்த்தேன். 2 மி.மீ. தோலுக்கு 24 மி.மீ. சரிவு. பலம் முழுவதும் இந்தச் சரிவில்தான் இருக்கிறது. செங்குத்து விளிம்பில் முட்டுக்கொடுத்து ஒட்டினால் முதல் அலையிலேயே கோடு விழும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள துணி ஐந்து படலம். பெரியதை முதலில் வைத்து, சிறியதை மேலே வைத்தேன். தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு. பெரியது அடியில் இருந்தால் கடைசியில் சமப்படுத்தித் தேய்க்கும்போது பழைய தோலைப் பற்றியிருக்கும் படலம் அறுபடாது என்பது என் எண்ணம்.

சட்டத்தின் திருகாணிகளுக்கு வருகிறேன். அவை இறங்கும் இடத்தில் ஃபோமை ஓர் அங்குல வட்டத்துக்கு எடுத்துவிட்டு, கெட்டி எப்பாக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் துளையிட்டேன். இனி திருகாணி தளர்ந்து நீர் இறங்கினாலும் எப்பாக்சிக் கட்டியைத் தாண்டி எங்கும் போக முடியாது. படகில் மற்ற ஒன்பது துளைகளையும் இப்படியே செய்தேன். மொத்தப் பழுதிலும் மிகச் சிறிய வேலை, அரை நாள்தான் ஆனது. படகு கட்டும்போதோ, சட்டம் வைக்கும்போதோ இதைச் செய்திருந்தால் மற்ற ஐந்து மாத வேலையும் வந்திருக்காது.

வெட்டுவதற்கு முன் அலுமினியச் சட்டத்தை நேர்கோலாக வைத்து, நான் நின்றபோது தரை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்திருந்தேன். 9 மி.மீ. ஏப்ரலில் அதே இடத்தில் நின்றேன். இறக்கம் அளக்கும்படி இல்லை.

படகை அழைத்துப் போக மாமா மலைக்கு வந்தார். குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு, கொட்டகைக்குள் மண்டியிட்டு, அரை மணி நேரம் நாணயத்தால் தட்டினார். நான் ஒட்டிய இடத்தைத் தாண்டி, அமரத்தின் (பின்முனை) பக்கம் இடப்புறத்தில் ஓரிடத்தில் நின்றார். மறுபடி தட்டினார். உள்ளங்கை அளவு இடம். ‘டக்’ என்றும் சொல்ல முடியவில்லை, ‘தொப்’ என்றும் சொல்ல முடியவில்லை. நான் அங்கே தட்டியிருந்தும் கவனிக்கவில்லை.

ஒரு துளை போட்டுப் பார்த்தோம். தூள் வெளிர் நிறம்தான், சற்றே குளிர்ந்திருந்தது. துளையை எப்பாக்சியால் அடைத்துவிட்டு, மாமா பென்சிலால் அந்த இடத்தைச் சுற்றி வட்டமிட்டு, பக்கத்தில் தேதியை எழுதினார். மாதம் ஒருமுறை தட்டிப் பார்த்து, வட்டத்துக்கு வெளியே ஒலி மாறினால் சொல்வதாக ஏற்பாடு. மாறினால் அடுத்த ஜனவரியில் வண்டி ஏற்ற வேண்டும். அக்டோபரில் அல்ல.